தோள்மேல் நான்கு விரல்கள்

படம் ரொம்பச் சின்னது. இத்தனை சின்னப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் பத்தடிக்கு ஆறடி பேனர் கேட்கிறவர்கள் தினமும் உண்டு, அதனால் முகம் யாருடையது என்று பார்ப்பதற்கு முன்பே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எந்தப் படத்தையும் நான் முதலில் முகமாகப் பார்ப்பதில்லை. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, இழுத்தால் தாங்குமா, கட்டம் கட்டமாக உடைந்து போகுமா, அதைத்தான் பார்ப்பேன். இது தாங்காது. கண் இருக்கிற இடத்தில் கறுப்பாகச் சில சதுரங்கள், வாய் இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும்தான் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு. பல் தெரிகிற சிரிப்பு. ராஜவேலு பல் தெரியச் சிரித்து எடுத்த படம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், அது எங்கே எடுத்தது, யார் எடுத்தது எல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவரைச் சிரிக்க வைத்தது நான். ஒன்பது வருஷம் எனக்குக் கணவராக இருந்தவர். பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. படத்துக்குக் கீழே செய்தி: மணமகன் ராஜவேலு, மணமகள் யமுனாராணி, வருகிற ஞாயிறு மாலை வரவேற்பு, மண்டப வாசலில் வைக்க ஒரு பேனர், அடுத்தது என் படம், அவருடைய நல்ல படம் இது ஒன்றுதான் கிடைத்தது, தெளிவாக வர வேண்டும். மணப்பெண்ணே அனுப்பியிருக்கிறாள். நல்ல படம் இது ஒன்றுதான். அதில் பொய் இல்லை. எனக்கும் அவரிடம் கிடைத்த நல்ல நாள் அது ஒன்றுதானோ என்று இப்போது யோசித்தால், இல்லை, இன்னும் சில இருந்தன, இருந்திருக்க வேண்டும், ஒன்பது வருஷம் என்பது என்ன கொஞ்சமா.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இந்தக் கடையில் நான் உட்காருகிற இடத்திலிருந்து தெரு தெரியாது. முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஃபிளெக்ஸ் அடிக்கிற மெஷின், அதை ஓட்டுகிற சம்சுதீன், மை வாடை. அந்த வாடை சாப்பாட்டு டப்பாவுக்குள்ளும் ஏறிவிடும், சாம்பாரில் மை, தயிரில் மை. படத்தைத் திரை முழுக்க இழுத்துப் பார்த்தேன். இழுக்க இழுக்க அவர் கலைந்துகொண்டே போனார், நெற்றி சதுரமாயிற்று, மீசை ஒரு கறுப்புக் குப்பை, அப்போதுதான் தோளில் அது தெரிந்தது. அவருடைய இடது தோளின் ஓரத்தில், படத்தை வெட்டிய இடத்தில், நாலு விரல். கட்டைவிரல் இல்லை, அது முதுகுப்பக்கம் இருக்கும். நகத்தில் அரக்கு நிறம். காலையில் அவசர அவசரமாகப் பூசி, பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயவைத்த நகப்பூச்சு. வத்தலக்குண்டில் அவருடைய அத்தை மகன் வீட்டுப் பால்காய்ப்பு. பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டு அப்பளத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். சாப்பிட்டு முடித்து எல்லாரும் படம் எடுக்க நின்றபோது அந்தப் பெரியவர் ஒரு குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்தார், பைக்குள்ளிருந்து நொறுங்குகிற சத்தம். நான் எக்கி ராஜவேலு காதில் அப்பளம் என்று சொன்னேன். அவ்வளவுதான். எக்குவதற்காகத் தோளைப் பிடித்த கை. என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள், என் புடவை, என் தலை, நான் சொன்ன சொல் எல்லாம் போய்விட்டது, சிரிப்பும் விரலும் மட்டும் மிச்சம். அந்தப் பெண் இப்போது இந்தச் சிரிப்பைத் தனக்கான சிரிப்பு என்று நினைத்து மண்டப வாசலில் வைக்கப்போகிறாள். வைக்கட்டும். நான்தானே விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்தவளுக்கு விரலை நினைத்து என்ன வேண்டிக்கிடக்கிறது.

பெரிதாக்குகிற சாஃப்ட்வேரில் படத்தைப் போட்டேன். முன்பு ஒரு படத்தை இழுத்தால் அது பாட்டுக்கு மங்கும், கஸ்டமரிடம் சொல்லிவிடலாம், உங்கள் படம் அப்படி என்று. இப்போது ஏஐ வந்துவிட்டது, எதையும் தெளிவாக்கித் தருகிறது, அதனால் யாரிடமும் முடியாது என்று சொல்ல முடிவதில்லை. உண்மையில் அது எதையும் தெளிவாக்குவதில்லை. இந்த மாதிரி மங்கலுக்குள் எந்த மாதிரி மூக்கு இருக்கும், எந்த மாதிரி கண் இருக்கும் என்று தானாக ஊகித்து ஒரு ஆளை வரைந்து கொடுக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது போதும். பழைய கம்ப்யூட்டர், பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்கிறது, அது நகர்கிற நேரமெல்லாம் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது இந்தச் சும்மாதான். அதற்குள் யமுனாராணியின் படத்தைத் திறந்தேன். ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்தது போல நேராகப் பார்க்கிறாள். அகலமான நெற்றி, படிய வாரிய தலை, சிரிப்பில்லை. சின்னப் பெண் இல்லை, முப்பதுக்கு மேல் இருக்கும். இவளுக்காவது குழந்தை பிறக்கட்டும் என்று நினைத்தேன், நினைத்த உடனே அது நிஜமாக நினைத்ததா, நல்லவளாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதா என்று சந்தேகம் வந்தது. வேலை முடிந்த சத்தம். அவர் முகம் வந்துவிட்டது. கன்னத்தில் தோலின் துளைகூடத் தெரிகிறது. முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் காணோம், வரிசையாக, டாக்டர் கட்டிவிட்டது போல் பல். நெற்றிச் சுருக்கம் இல்லை. பத்து வயது குறைந்த, ராஜவேலுவுக்குச் சித்தப்பா மகன் என்று சொன்னால் நம்பக்கூடிய ஒருவர். தோளில் என் நடுவிரலும் மோதிர விரலும் சட்டை மடிப்பாகியிருந்தன. ஆள்காட்டி விரல் பாதி தோல், பாதி துணி. சுண்டுவிரல் ஒரு பொத்தான். அந்த இடத்தில் யாருக்குமே பொத்தான் இருக்காது. அதற்கு அது தெரியாது.

அழிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பக்கத்துச் சட்டைத் துணியை எடுத்து விரல்மேல் பூசிவிட்டால் முடிந்தது. எத்தனை பேரை அழித்திருக்கிறேன். சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பியைக் குடும்பப் படத்திலிருந்து, கட்சி மாறியவரை மேடையிலிருந்து, ஓடிப்போன மருமகனைப் பேத்தியின் பிறந்தநாள் படத்திலிருந்து. ஒருவரை எடுத்துவிட்டால் பின்னால் இருக்கிற சுவரை நானே வரைவேன், செங்கல் செங்கலாக, யாருக்கும் தெரியாது. இன்றைக்குக் கை போக மாட்டேன் என்கிறது. நானே அழித்த மாதிரி இருக்க வேண்டாம், சாஃப்ட்வேரே எடுத்துவிட்டால் நல்லது என்று மறுபடியும் அதனிடமே கொடுத்தேன். இந்த முறை ஆறு விரல் வந்தது. மூன்றாம் முறை தோளில் ஒரு சின்னத் துண்டு, ரோஜா நிறத்தில். பாக்கியநாதன் அண்ணன், கடை முதலாளி, எனக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவருக்கு என் வீட்டுக்காரர் பெயர் தெரியும், முகம் தெரியாது, பெயர்ப்பகுதியை நான் இன்னும் அடிக்கவில்லை. "அதோட எதுக்கும்மா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க, தலைய மட்டும் வெட்டி பாடில ஒட்டிவிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாடி என்று எங்களிடம் ஒரு ஃபோல்டர் உண்டு. பட்டு வேட்டி சட்டையில், கோட்டில், ஷெர்வானியில், தலையில்லாமல் நிற்கிற மாப்பிள்ளைகள், எல்லாம் இணையத்தில் காசு கொடுத்தோ கொடுக்காமலோ எடுத்த ஸ்டாக் படங்கள். எந்த ஊர்க்காரன் என்று தெரியாத ஒருத்தனின் விரிந்த மார்பில் இந்த ஜில்லாவில் பாதி மாப்பிள்ளைகளின் தலையை ஒட்டியிருக்கிறேன். மணப்பெண்களுக்கும் அப்படி ஒரு ஃபோல்டர். சில சமயம் ஒரே தெருவில் இரண்டு மண்டபம், இரண்டு பேனர், ஒரே உடம்பு, வேறு வேறு தலை, யாரும் கவனிப்பதில்லை. ராஜவேலுவின் தலையைக் கழுத்தோடு வெட்டினேன். தோள் போயிற்று, அதோடு விரலும் போயிற்று. இவ்வளவு சுலபமா என்றிருந்தது.

ஸ்டாக் படம் என்றால் எனக்கு அந்தக் குழந்தைதான் ஞாபகம் வரும். கல்யாணத்துக்கு முன்பே நான் டிசைன் வேலைக்கு வந்தவள். ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் பேனர் செய்யச் சொன்னார்கள், டாக்டரம்மா சிரிக்கிற குழந்தை ஒன்று வேண்டும் என்றார்கள், தேடித் தேடி ஒன்றை எடுத்தேன், வெள்ளைக்காரக் குழந்தை, கன்னத்தில் குழி. கண் நீலமாக இருந்ததைக் கறுப்பாக்கி, செம்பட்டை முடியைக் கறுப்பாக்கி, நெற்றி ஓரத்தில் ஒரு திருஷ்டிப்பொட்டும் வைத்தேன். டாக்டரம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்ப் பெரிதாக அடித்துக் காத்திருக்கிற ஹாலில் மாட்டிவிட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து நானே போய் அந்த ஹாலில், அந்தக் குழந்தைக்குக் கீழே உட்கார்ந்தேன். மாதத்தில் எத்தனை தடவை. ஸ்கேன், ஊசி, மறுபடி ஸ்கேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அண்ணாந்து அதைப் பார்ப்பார்கள், ஒருத்தி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்தப் பொட்டு நான் வைத்தது என்று சொல்லிவிடலாமா என்று இருக்கும். சொன்னதில்லை. ராஜவேலு மேலே வர மாட்டார், கீழே பைக்கில் உட்கார்ந்திருப்பார், போன் பார்த்துக்கொண்டு. டாக்டரம்மா அவருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி, சொல்லிச் சொல்லி, மூன்றாம் வருஷம் அவர் மதுரைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். இங்கே தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று மதுரை. திரும்பி வரும்போது மல்லிகைப்பூ, ஈரத்துணியில் சுற்றி. எனக்கு நார்மல்னு சொல்லிட்டாங்க என்றார். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், அவருக்கு நார்மல் என்றால் பிறகு யாருக்கு. ரிப்போர்ட் எங்கே என்று டாக்டரம்மா கேட்டபோது நானே சொன்னேன், அவருக்கு நார்மல் மேடம், மதுரையில் பார்த்தாச்சு. பிறகு வயிற்றில் துளை போட்டுப் பார்த்தார்கள். காரணம் தெரியவில்லை என்றார்கள். காரணம் தெரியவில்லை என்றாலும் காரணம் நான்தான் என்று வைத்துக்கொண்டேன், யாராவது ஒருத்தர் வைத்துக்கொள்ளத்தானே வேண்டும். அடுத்த கட்டத்துக்குப் போகலாம், குழாயில் வைத்துச் செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர்தான் தடுத்தார். "உன் உடம்ப இதுக்கு மேல கஷ்டப்படுத்த வேணாம் இந்து." இப்படி ஒரு மனுஷன் பேசுவானா என்று இருந்தது எனக்கு. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன், இப்போதும் ஓட்டுகிறேன்.

அதனால்தான் நானே சொன்னேன். யாரும் என்னை விரட்டவில்லை, அவருடைய அம்மாகூட ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்களாவது ஒரு குழந்தையோட இருங்க, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் என் மடியில் தலையை வைத்து அழுதார். மடித்து வைத்த துணியெல்லாம் சரிந்தது. நான்தான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன், பரவாயில்லை, பரவாயில்லை என்று. நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, இந்தக் கடையில் சேர்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மை வாடை அடிக்கிற இந்த வாழ்க்கையில், தெருவில் யாராவது ஒரு மாதிரி பார்த்தால், நான் வாழாவெட்டி இல்லை, விட்டுக்கொடுத்தவள் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அதை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாம். நடந்தேன். நாலு வருஷமாக அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதுகூட எனக்கு ஒரு பெருமையாகத்தான் இருந்தது, இப்போது பேனர் வந்ததும் அந்தப் பெருமை எங்கேயோ குத்துகிறது, இவ்வளவுதான் நான்.

மத்தியானம் பாக்கியநாதன் அண்ணன் சாப்பிடப் போன நேரம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள், கையில் ஹெல்மெட், கழுத்தில் ஆபீஸ் அட்டையின் கயிறு. அந்த அகலமான நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தன் பெயர் யமுனாராணி என்றும் டிசைன் பார்க்க வந்ததாகவும் சொன்னாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். திரையில் பட்டு வேட்டி உடம்பின் மேல் ராஜவேலுவின் தலை, பக்கத்தில் யாரோ ஒருத்தியின் நகைபோட்ட உடம்பின் மேல் இவளுடைய தலை, பின்னால் வாழைமரம். வெகுநேரம் பார்த்தாள். இது அவர் மாதிரியே இல்லையே என்றாள். படம் சின்னது, சாஃப்ட்வேர் தானாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும் என்று எல்லாரிடமும் சொல்கிற பதிலைச் சொன்னேன். என் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. அவள் திரையை விட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கதான இந்துமதி அக்கா?" என்றாள்.

இங்கே நான் வேலை பார்ப்பதை ராஜவேலுதான் அவளிடம் சொல்லியிருக்கிறார். முழுப் படத்தையும் அவள் பார்த்திருக்கிறாள், அத்தை மகனுடைய பேஸ்புக்கில் இருந்ததாம், தன் போனில் அவளே வெட்டியிருக்கிறாள். ஊரில் எத்தனையோ கடை இருக்க இங்கே கொடுத்ததே என்னிடம் ஒன்று கேட்பதற்காகத்தான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். ஹெல்மெட்டின் வாரைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். எனக்குத் தெரியும் என்ன கேட்கப்போகிறாள் என்று. உங்களுக்கு என்ன குறை, டாக்டர் என்ன சொன்னார், அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள், எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது, அதை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அடிப்பாராக்கா?"

நாக்கில் இருந்த பதில் வேறு கேள்விக்கானது. முதல் கல்யாணத்தில் புருஷன் தன் மணிக்கட்டை உடைத்தான் என்றாள், இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தை இருக்கிறாள், தன்னைப் பற்றிக் கவலை இல்லை, அந்தப் பிள்ளை முன்னால் இன்னொரு தடவை அது நடக்கக்கூடாது, ஒரு ஆளைப் பற்றி அவனோடு வாழ்ந்தவளைத் தவிர யாரிடம் கேட்பது என்றாள். நான் யோசிக்கவே இல்லை. இல்லை, கை நீட்ட மாட்டார், குடியும் கிடையாது, சத்தம்போட்டுக்கூடப் பேச மாட்டார் என்று சொன்னேன். அத்தனையும் உண்மை. ஒரு ஆளுக்கு வேலைக்குச் சிபாரிசு செய்வது மாதிரி அவ்வளவு சரளமாக வந்தது. அவள் மூச்சை விட்டாள். அவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்தாள் என்பது அவள் தோள் இறங்கியபோதுதான் தெரிந்தது. அப்புறம் நிம்மதியில் பேச ஆரம்பித்தாள், நிம்மதி வந்தவர்கள் பேசுவது போல, நிறுத்தாமல். தனக்கும் அப்படித்தான் பட்டது என்றாள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்க அண்ணன் முன்னாடி சொல்லிட்டாருக்கா. தனக்குக் குழந்தை பிறக்காது, டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு, அதனாலதான் குழந்தையோட இருக்கிற பொண்ணாத் தேடறேன்னு. எந்த ஆம்பள இப்படி வாயத் திறந்து சொல்லுவான்? அதுலதான் நான் சரின்னேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஏதோ கட்சிக்காரர் ஒருவரின் நெற்றி கோடு கோடாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. எப்ப எடுத்தாராம் என்று கேட்டது நான்தான். கல்யாணமாகி மூணாவது வருஷம், மதுரையில், உங்களுக்குத் தெரியுமே அக்கா என்றாள். தெரியும். மதுரை தெரியும். மல்லிகைப்பூ தெரியும், ஈரத்துணி, அதில் இருந்த தண்ணீர் என் முழங்கையில் வடிந்தது. அவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான், என்னைப் பார்க்காமல், செருப்பைப் பார்த்து. அவன். ஒன்பது வருஷமும் அதற்குப் பிறகு நாலு வருஷமும் மனசுக்குள்கூட அவர் என்றுதான் சொல்லியிருக்கிறேன், இப்போது அவன் என்று தானாக வந்துவிட்டது, வந்ததும் திரும்பிப் போகவில்லை. மூணாவது வருஷம் என்றால் மிச்சம் ஆறு வருஷம். வயிற்றில் போட்ட துளை அதற்கு அப்புறம். ஊசி போட்டு ஊதிப்போய் ஜாக்கெட் எல்லாம் பிரித்துத் தைத்தது அதற்கு அப்புறம். ஒவ்வொரு மாதமும் துணியைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அவன் டீவியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பான், அவனுக்குத் தெரியும், பார்ப்பதற்கு முன்பே தெரியும், தெரிந்துகொண்டே பார்த்தான். உன் உடம்ப இதுக்கு மேல கஷ்டப்படுத்த வேணாம் இந்து. குழாயில் வைக்க அவனிடமும் சாம்பிள் கேட்பார்கள், கொடுத்தால் தெரிந்துவிடும். அதுதான் அந்த வார்த்தை. நான் வைத்து ஓட்டிய அந்த ஒரு வார்த்தை அதுதான். மடியில் அழுதானே, அது எதற்கு, வெட்கத்துக்கா, தப்பித்துவிட்டோம் என்றா, நான் முதுகைத் தடவினேன், பரவாயில்லை என்று சொன்னேன். விட்டுக்கொடுத்தவள். எதை விட்டுக்கொடுத்தேன் நான், அவனிடம் என்ன இருந்தது விட்டுக்கொடுக்க.

"எனக்குத் தெரியாது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "எங்கிட்ட நார்மல்னு சொன்னாரு" என்றேன், மறுபடி மரியாதையாகத்தான் வந்தது, அடுத்தவர் முன்னால் வாய் பழைய வழக்கத்தை விடவில்லை.

யமுனாராணி ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். தெரியாமல் சொல்லிவிட்டேன் அக்கா என்று ஏதோ தொடங்கி முடிக்காமல் விட்டாள். இவள் எழுந்து நின்று இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது, வெயிலில் நடந்து வந்தவள் தண்ணீரைப் பார்ப்பது போல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எடைபோடுவது முகத்தில் தெரிந்தது. அடிக்காதவன், குடிக்காதவன், இன்னொருத்தியிடம் ஆறு வருஷம் பொய் சொன்னவன், தன்னிடம் முதல் நாளே உண்மையைச் சொன்னவன், வீட்டில் ஒரு பெண் குழந்தை, ஞாயிற்றுக்கிழமை மண்டபம். உடைந்த மணிக்கட்டோடு வந்திருந்தால் நானும் இப்படித்தான் எடைபோட்டிருப்பேன். அவள்மேல் கோபப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே ஒரு கோபமாக இருந்தது. கடைசியில் எழுந்தாள். பாப்பா போட்டோவும் பேனரில் வர வேண்டும், அனுப்பிவிடுகிறேன் என்றாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "அந்த விரல நான் வேணும்னு விடலக்கா. அதுக்கு மேல வெட்டினா அவர் தோளு போயிடுது."

அவள் போனதும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். சம்சுதீன் ரோல் மாற்றிக்கொண்டே உடம்பு சரியில்லையா என்று கேட்டார், தலைவலி என்றேன். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் படம் வந்தது. பெரிய படம், அத்தனை தெளிவு, எதையும் பெரிதாக்க வேண்டியதில்லை, முகத்தில் வெயில்கூட அப்படியே இருக்கிறது. உதட்டோரத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, மாங்காயாக இருக்கும், அதை எடுக்கவில்லை. தலை ஒட்டிய இரண்டு உடம்புகளுக்கு நடுவில் இடம் செய்து அவளை நிறுத்தினேன். மூன்று பேரில் அவள் ஒருத்திதான் கழுத்துக்குக் கீழேயும் அவளாகவே இருந்தாள். ராஜவேலுவின் முகத்தைப் பழையபடி மாற்றலாமா, நெற்றிச் சுருக்கத்தையும் பல் இடைவெளியையும் கொண்டுவரலாமா என்று யோசித்தேன், என்னால் முடியும், ஞாபகத்திலிருந்தே வரைந்துவிடுவேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் வரைந்த ஆளே இருக்கட்டும். அவள் கட்டிக்கொள்ளப்போவது முதல் நாளே உண்மையைச் சொல்கிற ஒரு ஆளை. அந்த ஆளை எனக்குத் தெரியாது, நான் அவனோடு வாழ்ந்ததில்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. அவரிடம் கேட்டேன் அக்கா, உங்களிடம் சொல்லப் பயமாக இருந்ததாம், மன்னித்துக்கொள்ளச் சொன்னார். பயம். என்னிடம். புடவை எடுக்கப் போனால்கூட அவனிடம் நிறம் கேட்டு எடுத்தவளிடம், ஊசிக்கு மட்டும் போகிற நாளில் ஆபீஸில் அவன் லீவு கேட்க வேண்டுமே என்று தனியாக டவுன் பஸ் ஏறிப் போனவளிடம். பயந்தவன் ஒரு மாதம் பயப்படலாம், ஒரு வருஷம் பயப்படலாம், ஆறு வருஷம் ஒருத்தியை ஸ்கேன் மேஜைமேல் படுக்கவைத்துவிட்டுக் கீழே பைக்கில் உட்கார்ந்து பயப்படுவது எப்படி. அந்தப் பயம் அவள் அண்ணன் முன்னால் எங்கே போயிற்று. ஒருவேளை என்னிடம் பொய் சொல்லி முடித்த களைப்பில்தான் அவளிடம் உண்மை வந்ததோ. அப்படியானால் அந்த உண்மைக்கு விலை கொடுத்ததும் நான்தான். ஆறு வருஷம் என்று அடித்தேன். அழித்தேன். என் வயிற்றில் மூன்று தழும்பு இருக்கிறது என்று அவனிடம் சொல் என்று அடித்தேன், பாதியில் அழித்தேன். மன்னித்துவிட்டேன் என்று அடிக்கவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் அடிக்கவில்லை, இரண்டுக்கும் அவன் ஏதோ ஒரு இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பான், காத்திருக்கட்டும். டிசைனைச் சேமித்து அனுப்பினேன். கீழே, தினமும் எல்லாருக்கும் அனுப்புகிறதையே அடித்தேன்: பெயர், தேதி, மண்டபம், எழுத்துப்பிழை சரிபார்த்து ஓகே சொன்னால் பிரிண்டுக்குக் கொடுத்துவிடலாம், அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

ரொம்ப நேரம் பதில் வரவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு மட்டும் இருந்தது. பாக்கியநாதன் அண்ணன் கல்லாவிலிருந்து, அந்தக் கல்யாண பேனர் என்னாச்சு என்றார். பார்க்கிறார்கள் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. ஓகே அக்கா என்று வந்தது. நான் ஃபைலைச் சம்சுதீனுக்கு அனுப்பினேன்.